அவியாத சவ்வரிசி

கஞ்சாச் செடியால் போர்த்திய வீடு ஒன்றை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்த வசந்த்குமாருக்கு, அதன் சுவரை ஒருமுறை முகர்ந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதைச் செய்யாமல் விடும் பழக்கம் அவனுக்கு இல்லை.

“மூக்கைச் சுவரிலை இருந்து எடும், வசந்த்,” என்றாள் கஜந்தி. “எங்களைக் கூப்பிட்ட மனுசன் பாக்கிறார்.”

“ஸ்மெல்லே இல்ல மேடம். நம்மள நல்லா ஏமாத்திட்டாங்க.”

கொலோன் நகரத்தில், ரைன் நதியின் வலக்கரையில், ட்ராம் தண்டவாளத்தை ஒட்டி நின்றது அந்த ஐந்து மாடிக் குடியிருப்பு. போன வருடம் வரை அது ஒரு பழைய சாம்பல் நிறப் பெட்டி. இப்போது கூரையில் புல், புல்லுக்கு நடுவே சூரியத் தகடுகள், கழிவறைக்கு மழைத்தண்ணீர், வெளிச்சுவர் முழுக்கச் செடிநார்ப் போர்வை. குளிரை உள்ளே விடாமலும் சூட்டை வெளியே விடாமலும் காக்கும் அந்தப் போர்வை, போதை தராத கஞ்சா இனச் செடியின் நாரில் செய்தது. சுவரே மூச்சு விடும் என்று விளம்பரம். வாடகையும் மூச்சு வாங்கும் அளவுக்கு ஏறியிருந்தது.

வசந்த்குமார் கோயம்புத்தூர்க்காரன். மென்பொருள் வேலைக்கென்று ஜெர்மனிக்கு வந்து, அந்த வேலை அவனை விட்டுப் போன பிறகு கஜந்தியிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். கஜந்தி யாழ்ப்பாணத்தில் பிறந்து கொலோனில் வளர்ந்தவள். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டுத் தமிழ்க் கடை ஒன்றின் மேல்மாடியில் துப்பறியும் பணிமனை திறந்திருந்தாள். குட்டை உருவம், சிவப்பு மழைக்கோட்டு. அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தாழ்த்தினால்தான் எதிரில் இருப்பவர் பயப்பட வேண்டும்.

அவர்களைக் கூப்பிட்டவர் பிராக்மன். இந்தப் புதுப்பிப்பு வேலை முழுவதற்கும் பொறுப்பானவர். பச்சை டை கட்டி, கக்கத்தில் சைக்கிள் தலைக்கவசம் வைத்திருந்தார். தலைக்கவசத்தில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதோ, எங்கள் உண்மைச் சன்னல்!” என்று வாசல் பக்கச் சுவரைக் காட்டினார். அங்கே பூச்சை வெட்டியெடுத்துக் கண்ணாடி பதித்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் தும்பு தும்பாக நார் தெரிந்தது. “எங்கள் சுவரின் உள்ளத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒளிவு மறைவே இல்லை.”

“ஓட்டைகள்?” என்று கஜந்தி ஜெர்மனில் கேட்டாள்.

பிராக்மனின் முகம் வாடியது. மேற்குப் பக்கச் சுவரில், மூன்றாம் மாடிக்கு மேலே, யாரோ முஷ்டி அளவுக்கு ஓட்டைகள் போடுகிறார்களாம். அவர் அடைக்க அடைக்கப் புதிதாக முளைக்கின்றனவாம். யாரோ என்ன, யாரென்றே தெரியும். மூன்றாம் மாடி உருத்திரமூர்த்தி. சுவருக்குப் போர்வை போட்ட பிறகு அதில் ஆணி அடிக்கவும் கூடாது என்று அவருடைய சாட்டிலைட் தட்டைக் கழற்றச் சொன்னபோது, மனிதர் முற்றத்தில் நின்று, “இந்தச் சுவரிலே ஓட்டை போடாமல் நான் சாக மாட்டேன்” என்று ஜெர்மனில் கத்தியிருக்கிறார். குடியிருப்பே கேட்டிருக்கிறது.

“குற்றவாளியைக் காட்டு, இல்லையென்றால் நிபுணரை வைத்துச் சுவரைப் பரிசோதி என்கிறது கட்டடத்துக்குச் சொந்தமான வீட்டுச் சங்கம். இன்று பிற்பகல் பசுமைக் கட்டடப் பரிசுக் குழு வருகிறது. இந்த நேரத்தில் நிபுணர், கினிபுணர் எல்லாம் எதற்கு? நீங்கள் அவருடைய மொழி பேசுகிறீர்கள். அவர் வாயால் ஒப்புக்கொள்ள வையுங்கள். அவரை வீட்டை விட்டு வெளியேற்றும் கியூண்டிகுங் கடிதம் தயாராக இருக்கிறது.”

அவர் நகர்ந்ததும் வசந்த் முணுமுணுத்தான். “நம்ம ஆளப் புடிச்சுக் குடுக்க நம்மளையே ஹயர் பண்றாரு. தமிழ்ல நல்லா மிரட்டுவோம்னு நினைச்சிட்டார் போல.”

“முதலிலை ஆளைப் பாப்பம். பிறகு பிடிக்கிறதோ விடுறதோ எண்டு யோசிப்பம்.”

*

உருத்திரமூர்த்தி கதவைத் திறந்தபோது, நீதிமன்றத்துக்குப் போகிறவர் போல மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். கார்த் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வசந்தைவிட ஒரு சாண் குட்டை. ஆனால் நிமிர்ந்து நின்ற நிலையில் அது தெரியவில்லை.

“பிள்ளை, நான் செய்யேல்லை,” என்றார் உட்காரும் முன்பே. “ஆனா செய்தவனைக் கண்டால் கை குடுப்பன். அதையும் எழுதிக்கொள்ளும்.”

“அண்ணை, உங்களிட்டை போர்மெசின் இருக்கோ?” என்றாள் கஜந்தி.

வசந்த் திடுக்கிட்டான். “போர் மெஷினா? வீட்டுக்குள்ளயா? டேங்க் மாதிரியா?”

“ஜெர்மன் போர், தம்பி,” என்றார் உருத்திரமூர்த்தி. “துளை போடுற மெசின். எங்கடை போரை விட்டுத்தானே இஞ்சை வந்தனாங்கள்.” சிரிக்க முயன்றார், முடியவில்லை. “அதைத்தான் காணேல்லை. அலுமாரிக்குள்ளை இருந்தது. பிராக்மன் வந்து காட்டு எண்டு கேட்டார். காணேல்லை எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்? ஒளிச்சுப்போட்டன் எண்டுதான் நினைப்பினம்.”

அந்த நேரம் அவர் மனைவி அன்னப்பிள்ளை, ஒரு கையில் வடைத் தட்டும் மறு கையில் ஜாம் போத்தலுமாக அடுக்களையில் இருந்து வந்தார். வசந்தின் கண்கள் வடைத் தட்டோடு போய் ஒட்டிக்கொண்டன.

“பிள்ளை, நீர் துப்பறியிற ஆளெண்டால் முதல் இதைத் துப்பறியும்,” என்று போத்தலைக் கஜந்தியிடம் நீட்டினார் அன்னப்பிள்ளை. “மேல்வீட்டுக்காரி என்ரை பல்கனியிலை சவ்வரிசி கொட்டுறாள்.”

“ஜெர்மன்காரி ஜவ்வரிசி வச்சு என்ன பண்ணுவாங்க? பாயசமா?” என்றான் வசந்த், வடையைக் கடித்தபடி.

“அதைத்தான் நானும் போய்க் கேட்டனான். மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்திப்போட்டாள். சரி, கொட்டினது கொட்டினதுதானே, வீணாக்குவானேன் எண்டு கழுவி, கொஞ்சம் அவிச்சும் பாத்தன். பால் கொதிக்குது, சீனி கரையுது, இது மட்டும் அவியாமல் மேலை மிதந்துகொண்டு என்னைப் பாக்குது.”

“சாப்பிட்டீங்களா?”

“சீ! நான் சாப்பிடேல்லை. இவருக்குத்தான் குடுத்தனான்.”

“நான் துப்பிப்போட்டன்,” என்றார் உருத்திரமூர்த்தி கண்ணியமாக.

கஜந்தி போத்தலைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். மூடியைத் திறந்து, ஒரு மணியை விரல்களுக்கு இடையில் வைத்து நசுக்கினாள். பிறகு மூடினாள். வசந்துக்கு இரண்டாவது வடை.

“அக்கா, இது எப்ப கொட்டும்? ஒவ்வொரு நாளுமோ?”

“பனிக்காலம் முடிஞ்சதிலை இருந்துதான். காலமையிலைதான் கூடுதல். மழையெண்டால் இல்லை. நான் உலைக்கு அரிசி போட்டிட்டு வாறன், நீங்கள் சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்.”

கஜந்தி எழுந்து அவர் பின்னாலேயே அடுக்களைக்குப் போனாள். மூலையில் ஒரு பெரிய அரிசிச் சாக்கு வாய் கட்டி நிறைந்து இருந்தது. அன்னப்பிள்ளை அதன் பக்கம் திரும்பாமல், அலுமாரியில் இருந்து ஒரு சிறிய பைக்கற்றை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினார். ஜெர்மன் கடையில் வாங்கிய, பெட்டிக்குள் பொட்டலம் பொட்டலமாக வரும் அரிசி.

“வசந்த்,” என்று கூப்பிட்டாள் கஜந்தி. “யாழ்ப்பாணத்து வீட்டிலை ஒரு சாக்கு அரிசி இருக்க, ஆரும் அந்தப் பொட்டல அரிசியைச் சமைப்பினமோ?”

“எங்க ஊர்லயும் சமைக்க மாட்டாங்க மேடம். டைவர்ஸ் ஆயிடும்.”

“அப்ப அந்தச் சாக்குக்குள்ளை கையை விடும்.”

வசந்த் முழங்கை வரைக்கும் விட்டான். கையில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. இழுத்தபோது, அரிசி சொரிய, பொலித்தீன் பையில் சுற்றிய துளையிடும் இயந்திரம் வெளியே வந்தது. அவன் வாயில் ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. அன்னப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான்.

வாசலில் உருத்திரமூர்த்தி நின்றிருந்தார்.

“நீயோ ஒளிச்சனி?”

அன்னப்பிள்ளை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “பிராக்மன் பொலிசோடை வருவன் எண்டு சொன்னவன். வந்தால் இதைத்தானே முதல் தேடுவாங்கள்?”

“தேடினால் தேடட்டும். நான் செய்யாத வேலைக்கு என்ன பயம்?”

அன்னப்பிள்ளை பதில் சொல்லவில்லை. சொல்லாத அந்த ஒரு கணத்தில் உருத்திரமூர்த்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நான்தான் செய்தனான் எண்டு நினைச்சிருக்கிறாய்,” என்றார் மெதுவாக.

“முற்றத்திலை நிண்டு ஊர் கேக்கக் கத்தினது நீங்கள்தானே!”

அவர் திரும்பினார். முன்னறைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிராக்மனின் கியூண்டிகுங் கூட அவரை இப்படிச் சாய்க்கவில்லை என்று வசந்துக்குத் தோன்றியது. மூன்றாவது வடையை அவன் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

*

“மெசின் கிடைச்சிட்டுது. இனி அது அந்த ஓட்டையைப் போட்டிருக்க ஏலுமோ எண்டு பாப்பம்,” என்றாள் கஜந்தி. “யன்னலாலை வெளியிலை சாயும்.”

“நானா? மேடம், எனக்கு இன்சூரன்ஸ்கூட இல்ல.”

“இருந்தால் மட்டும் விழுவீரோ? சாயும். நான் பெல்ட்டைப் பிடிக்கிறன்.”

வசந்த் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பு வரை வெளியே சாய்ந்தான். கீழே முற்றம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. நேற்று அடைத்த ஓட்டைகள் வெள்ளைப் பொட்டுகள் போல மேலே வரிசையாக இருந்தன. கையை நீட்டினான். எட்டவில்லை. விரல் நுனியில் இயந்திரத்தைப் பிடித்து, நுனிக்காலில் எம்பினான். அப்போதும் எட்டவில்லை.

“மேடம், எனக்கே எட்டல. அவருக்கு எட்டணும்னா ஒண்ணு அவர் வளரணும், இல்ல பில்டிங் குனியணும்.”

“கொஞ்சம் இன்னும் சாயும்.”

“இன்னும் சாஞ்சா நேரா பரிசுக் குழு தலையிலதான்...”

மேலே ஏதோ அசைந்தது. வசந்த் கழுத்தை வளைத்துப் பார்த்தான். மைனா அளவில் ஒரு பறவை. கறுப்பு வெள்ளைக் கோட்டும் சிவப்புக் கால்சட்டையும் போட்டது போல, சுவரில் செங்குத்தாகத் தொற்றிக்கொண்டு, தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. அவன் கையில் இருந்த இயந்திரத்தைப் பார்த்தது. தொழில் போட்டியாளனைப் பார்க்கும் பார்வை. பிறகு அவனைப் பொருட்படுத்தாமல் சுவரைக் கொத்தத் தொடங்கியது.

டுர்ர்ர்ர்ர்.

“மேடம்! மரங்கொத்தி! மரங்கொத்தி மேடம்!”

“பிடித்துவிட்டேன்!” என்ற குரல் கீழே இருந்து ஜெர்மனில் வந்தது. பிராக்மன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, துளையிடும் இயந்திரத்தோடு சன்னலுக்கு வெளியே தொங்கும் தமிழனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சத்தத்தில் பறவை பறந்துவிட்டது. வசந்தின் தோளுக்கு மேலாகக் கஜந்தியின் தலை எட்டிப் பார்த்து, கையை ஆட்டியது. பிராக்மன் தொலைபேசியை மெல்லத் தாழ்த்தினார்.

உள்ளே இழுக்கப்பட்ட வசந்த், தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பிறகு துள்ளி எழுந்தான். “கேஸ் ஓவர்! கூரையில புல்லு, சுத்தி மரம், பறவைக்கு இது காடுன்னு நினைப்பு. வாங்க, போய்ச் சொல்லுவோம்.”

“சொல்ல வேண்டாம்.”

“ஏன்?”

“அவருக்குத் தெரியும்.”

வசந்த் துளையிடும் இயந்திரத்தை மெல்லத் தரையில் வைத்தான்.

“எங்களைக் கூப்பிட முதலே அவருக்குத் தெரியும்,” என்றாள் கஜந்தி. குரல் தாழ்ந்திருந்தது. “ஒவ்வொரு ஓட்டைக்கும் கிட்ட நிண்டு அடைச்ச மனுசன். கொத்தின அடையாளம் தெரியாமல் போகுமோ? சரி, தெரியாதெண்டே வைப்பம். கடைக் கண்ணாடியை உடைச்சவனைப் பிடிக்கவேணும் எண்டு நிக்கிற முதலாளி, ஆரும் வந்து பாக்க முதல் உடைஞ்ச கண்ணாடியைக் கூட்டி அள்ளுவாரோ? இவர் அள்ளியிருக்கிறார். கீழை முற்றத்தைப் பாத்தீரோ? ஒரு தூசி இல்லை.”

“ஜெர்மன்காரங்க. கிளீனா இருக்கணும்னு நினைச்சிருப்பாங்க.”

“ஓம். எதைக் கிளீன் பண்ணினவர் எண்டதுதான் கேள்வி.” அவள் அன்னப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “அக்கா, மேல்வீட்டுக்காரியிலை பிழை இருக்கோ இல்லையோ, அந்தப் போத்தலை இண்டைக்குப் பெரிய ஆக்களுக்கு முன்னாலை கொண்டுவந்து முறைப்பாடு சொல்லுவீங்களோ?”

“நான் எப்பவும் ரெடி.”

பிறகு அவள் முன்னறைக்குப் போய், பேசாமல் இருந்த உருத்திரமூர்த்தியிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

“அவர்கிட்ட என்ன சொன்னீங்க?” என்றான் வசந்த்.

“நீர் கீழை வந்து, நான் இருமேக்கை குடையை விரியும். அவ்வளவுதான்.”

“நான் அசிஸ்டெண்டா, குடைக்கம்பியா?”

*

பிற்பகல் தூறல் ஓய்ந்திருந்தது. பரிசுக் குழு உண்மைச் சன்னல் முன்னால் கூடியது. தலைவி டாக்டர் ஹெல்ம்கே, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய நெடிய பெண்மணி. வீட்டுச் சங்கத்தின் தலைவரும் வந்திருந்தார். குடியிருப்பாளர்கள் பல்கனிகளில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பிராக்மன் கண்ணாடியைத் தடவிக் கொடுத்தார். “இயற்கை நமக்குத் தந்ததை இயற்கையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம். இந்தச் சுவருக்கு ஒரு மனசாட்சி உண்டு.”

“மன்னிக்கவேணும்!” என்று ஜாம் போத்தலோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் அன்னப்பிள்ளை. அவருடைய ஜெர்மனில் இலக்கணம் குறைவு, வேகம் அதிகம். மேல்வீட்டுக்காரி, சவ்வரிசி, ஒவ்வொரு நாளும், பல்கனி, கதவைச் சாத்தினாள், இதற்கு நீதி என்ன?

சங்கத் தலைவர் நெளிந்தார். பிராக்மனின் முகத்தில் எரிச்சல் ஏறியது.

கஜந்தி மிகவும் பணிவாக முன்னே வந்தாள். “ஹெர் பிராக்மன், இந்தச் சண்டை வாரக்கணக்காக நடக்கிறது. பொறுப்பாளர் நீங்கள். இது சவ்வரிசிதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நாங்கள் மேல்வீட்டு அம்மாவிடம் பேசிக்கொள்வோம்.”

பிராக்மன் போத்தலைப் பிடுங்கித் திறந்து, உள்ளங்கையில் கொட்டினார். அவருக்கு இது ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. இந்தக் குடும்பம் எவ்வளவு விவரம் கெட்டது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

“சவ்வரிசியா?” என்று உரக்கச் சிரித்தார். “அம்மா, இது ஸ்டீரோபோர்!”

பல்கனிகளில் இருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

“தெர்மோகோல்!” என்று வசந்த் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஐயோ, ரெஜிபோமோ?” என்று அன்னப்பிள்ளை திரும்பினார். “இதையே நான் பாலிலை போட்டு இவருக்குக் குடுத்தனான்!”

மூன்று நாட்டுக்கு மூன்று பெயர். பொருள் ஒன்றுதான். பெட்ரோலியத்தில் இருந்து வரும் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக். புது டிவிப் பெட்டிக்குள் பொருளைச் சுற்றி வருமே, அது.

“நன்றி,” என்றாள் கஜந்தி. குரல் இன்னும் தாழ்ந்தது. “பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டீர்கள். செடிநாரால் போர்த்திய வீட்டில், மூன்றாம் மாடிப் பல்கனிக்கு ஸ்டீரோபோர் எங்கிருந்து வருகிறது?”

பிராக்மனின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துபோனது. “யாராவது... டிவி வாங்கியிருப்பார்கள். காற்றில் பறந்திருக்கும்.”

“ஒவ்வொரு நாள் காலையும் டிவி வாங்குகிறார்களா?” என்று கேட்ட கஜந்தி, இரண்டு முறை இருமினாள்.

வசந்த் குடையை விரித்தான். மூன்றாம் மாடியில் சன்னல் திறந்தது. உருத்திரமூர்த்தி அகப்பைக் காம்போடு தோன்றி, சன்னல் சட்டத்தில் படபடவென்று தட்டத் தொடங்கினார். இத்தனை வாரம் சுவரைத் தட்டியதாகப் பழி சுமந்தவர், இன்று அந்தக் கணக்கையெல்லாம் சேர்த்துத் தட்டினார். டுர்ர்ர். டுர்ர்ர்ர்.

“பாருங்கள்! பாருங்கள்! எல்லார் கண்முன்னாலும் செய்கிறார்!” என்று கத்தினார் பிராக்மன்.

“அவர் செய்வது அழைப்பு மட்டும்தான்,” என்றாள் கஜந்தி. “தன் இடத்தில் இன்னொருவன் வந்து தட்டுகிறான் என்று கேட்டால், உண்மையான ஆள் சண்டைக்கு வருவான்.”

எதுவும் நடக்கவில்லை. உருத்திரமூர்த்தி நிறுத்தி, நெற்றியைத் துடைத்து, மறுபடி தட்டினார். யாரோ ஒரு பல்கனியில் இருந்து கைதட்டிச் சிரித்தார்கள். குடையைப் பிடித்தபடி நின்ற வசந்துக்கு வியர்த்தது. பறவை வராவிட்டால் மாலைக்குள் அந்த மனிதருக்கு வீடு இல்லை.

மரத்தில் இருந்து “கிக்!” என்று ஒரு கோபக் குரல் வந்தது. கறுப்பு வெள்ளைக் கோட்டு ஒன்று முற்றத்துக்கு மேலாகப் பாய்ந்து, சுவரில் ஒட்டிக்கொண்டது. இடத்துக்கு உரிமை கொண்டாட வந்த எதிரியைத் தேடியது, காணவில்லை. அந்த ஆத்திரத்தை, ஏற்கெனவே தொடங்கி வைத்திருந்த ஓட்டையில் காட்டியது. ஒவ்வொரு கொத்துக்கும் பூச்சு உதிர்ந்தது. பூச்சுக்குப் பின்னால் வெள்ளையாக, மெல்ல மெல்ல, ஏப்ரல் மாதத்தில் பனி பெய்தது.

வசந்தின் குடைக்குக் கீழே டாக்டர் ஹெல்ம்கே பத்திரமாக நின்றார். பிராக்மனுக்குக் குடை இல்லை. அவர் பச்சை டையில் வெள்ளை மணிகள் ஒட்டிக்கொண்டன.

“தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றாக ஒலிக்கும் சுவரைத்தான் மரங்கொத்தி உளுத்த மரம் என்று நம்பிக் கொத்தும்,” என்றாள் கஜந்தி. “அது பாவம், பூச்சி தேடியது.”

டாக்டர் ஹெல்ம்கே உள்ளங்கையை நீட்டி ஒரு மணியைப் பிடித்தார். நசுக்கினார். “சுவரைத் திறக்க வேண்டும்,” என்றார்.

“அதற்குத்தானே இந்தச் சன்னல்!” என்று பிராக்மன் கண்ணாடியைக் காட்டினார்.

“அதில் வேண்டாம். அதற்கு ஓர் அடி பக்கத்தில்.”

கட்டடக் காவலாளி அறுக்கும் கத்தி கொண்டுவந்தார். பூச்சு கிழிந்தது. உள்ளே வெள்ளை. இந்தப் பக்கம் வெட்டினார்கள், வெள்ளை. அந்தப் பக்கமும் வெள்ளை. ஐந்து மாடிக் கட்டடத்தில் செடிநார் இருந்த ஒரே இடம், அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் அளவுக்கு அளவாக வெட்டி வைத்த ஒரு துண்டுதான்.

“கொலோன்லயே இவ்ளோ கம்மியா கஞ்சா இருக்கிற பில்டிங் இதுதான் மேடம்,” என்றான் வசந்த். நல்லவேளையாகத் தமிழில் சொன்னான்.

சங்கத் தலைவர் பிராக்மனைப் பார்த்தார். “எங்களுக்கு விற்றது செடிநார். மக்களிடம் வாடகை கூட்டியது செடிநாருக்காக.”

“ஒப்பந்தக்காரன்... எனக்கு எப்படித் தெரியும்...”

“தெரியாவிட்டால் நிபுணரை ஏன் வேண்டாம் என்றீர்கள்?” என்று கேட்டாள் கஜந்தி. “நிபுணர் வந்தால் சுவரைத் திறப்பார். நான் வந்தால் கிழவர் வாயை மட்டும்தான் திறப்பேன் என்று நினைத்தீர்கள். ஒரு பறவை போட்ட ஓட்டைக்காக ஒரு மனிதரைத் தெருவில் விட இருந்தீர்கள்.”

சங்கத் தலைவர் கையை நீட்டி அவரிடமிருந்து கட்டடத்தின் சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டார். பிறகு உருத்திரமூர்த்தி இறங்கி வரும்வரை காத்திருந்து, எல்லோருக்கும் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். கியூண்டிகுங் என்ற பேச்சே இனி இல்லை என்றார். பல்கனிகளில் இருந்து கைதட்டல் எழுந்தது. மேல்வீட்டுக்காரிதான் எல்லோரையும்விட உரக்கத் தட்டினாள்.

*

கூட்டம் கலைந்த பிறகும் உருத்திரமூர்த்தி முற்றத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். வென்ற மனிதரின் முகமாக அது இல்லை. அன்னப்பிள்ளை போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி நின்ற வசந்துக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. கஜந்தி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இஞ்சேருங்கோ. இன்னும் கோபமோ?”

“ஊர் சந்தேகப்பட்டதிலை எனக்கு ஒண்டுமில்லை. இவ்வளவு காலம் என்னோடை இருந்த நீ நினைச்சாயே, அன்னம்.”

“நினைச்சனான்தான்,” என்றார் அன்னப்பிள்ளை. “பொய் சொல்ல மாட்டன். ஆனா பொலிஸ் வந்து அடிச்சுக் கேட்டாலும் காட்டிக் குடுத்திருக்க மாட்டன்.”

“நான் செய்திருந்தாலும்?”

“நீங்கள் செய்திருந்தாலும்.”

அவர் திரும்பி மேலே, சுவரைப் பார்த்தார். மனைவியும் பார்த்தார். ஒழுங்கில்லாமல், கோணலும் மாணலுமாக, சிறிதும் பெரிதுமாக, அடைத்ததும் அடைக்காததுமாக ஓட்டைகள்.

“ஒண்டு மட்டும் என்ரை பிழை,” என்றார் அன்னப்பிள்ளை. “உதுகளைப் பாத்த உடனையே எனக்கு விளங்கியிருக்க வேணும். நீங்கள் போட்டிருந்தால் இப்பிடியோ இருக்கும்? நூல் பிடிச்ச மாதிரி, எல்லாம் ஒரே அளவிலை எல்லோ இருந்திருக்கும்.”

உருத்திரமூர்த்தி கண்ணைச் சுருக்கி ஓட்டைகளை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“அது சரி,” என்றார். “உது என்ன வேலை? நான் போட்டிருந்தால் என்ரை சாட்டிலைட் தட்டுக்கு நாலே நாலுதான். ஆனா வடிவாப் போட்டிருப்பன்.”